தோஹாவிலிருந்து வந்த ஹுசேன் குதிரை: அசலா, அச்சா, வில்லங்கமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் குதிரைப் படம் இந்திய நவீன ஓவியர் எம்.எஃப். ஹுசேன் கையால் வரைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை முழுக்கப் படித்தால் உங்களை உறுத்துவது அது மட்டுமல்ல என்று தெரிகிறது. சித்தப்பா கத்தாரில் வேலை பார்த்துவிட்டு 2009இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது, கெட்டியான தாள், கீழ் ஓரத்தில் பென்சிலில் 112/250 என்று ஓர் எண், வலப்பக்கம் கையெழுத்து. பிரேம் கடைக்காரர் "நாடு கடத்தின பிறகு போட்ட படம், கோடிக்கணக்கில் போகும்" என்கிறார். உறவுக்காரர் ஒருவர் "கேஸ் உள்ள ஆளுடைய படம், வீட்டில் வைக்காதே" என்கிறார். இவர்களில் யாரை நம்புவது என்பதுதான் நீங்கள் கேட்பது. இருவரையும் நம்ப வேண்டாம். பின்னமாக எண் போட்டிருப்பதால் உங்களிடம் இருப்பது ஓவியம் அல்ல, அச்சுப் பிரதி. இதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த வகை அச்சு என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கையெழுத்து அவருடையதுதானா என்பதை வீட்டில் இருந்துகொண்டு முடிவு செய்ய முடியாது. படத்தை வீட்டில் வைத்திருப்பதால் சட்டப்படி ஒரு தொந்தரவும் கிடையாது.

முதலில் அந்த நாடு கடத்தல். ஹுசேனை எந்த நீதிமன்றமும் எந்த அரசும் நாடு கடத்தவில்லை. 1970களில் அவர் போட்ட சில கோட்டுச் சித்திரங்கள் இந்து தெய்வங்களை ஆடையின்றிக் காட்டியவை. அவை போடப்பட்டபோது யாரும் பொருட்படுத்தவில்லை. 1996இல் ஓர் இந்திப் பத்திரிகை அவற்றைக் கண்டித்து எழுதிய பிறகுதான் எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அகமதாபாத்தில் அவர் படங்கள் நாசமாக்கப்பட்டன, 1998இல் மும்பை வீடு தாக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் இந்திய வரைபடத்தின் வடிவில் ஆடையற்ற பெண்ணுருவம் கொண்ட படம் ஒன்று ஏல விளம்பரத்தில் வெளிவர, மீண்டும் தீப்பற்றியது. 'பாரத மாதா' என்ற தலைப்பைத் தான் வைக்கவில்லை என்றார்; மன்னிப்புக் கேட்டார்; படம் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆனாலும் பல ஊர்களில் வழக்குகள், மிரட்டல்கள். தொண்ணூறு வயதில் நாட்டை விட்டுப் போனார். துபாய், லண்டன், தோஹா என்று கடைசி ஐந்தாண்டுகள் கழிந்தன.

உறவுக்காரர் சொல்லும் கேஸில் முக்கியமானவற்றை உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு மாற்றியது. 2008 மே 8 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அவற்றை ரத்து செய்தார். அதை எதிர்த்துப் போனவர்களின் மனுவை அந்தச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த நீதிபதி நமக்குப் புதியவர் அல்ல: பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக, 2016இல் பெருமாள்முருகன் வழக்கில் எழுத்தாளர் பக்கம் நின்ற தீர்ப்பைத் தந்தவர் இவர்தான். ஆக, தீர்ப்பு ஹுசேனுக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால் மிரட்டல் நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, அவரும் திரும்பவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை கொடுத்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் தோஹாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். 2011 ஜூன் 9இல் லண்டனில் இறந்தார், இங்கிலாந்திலேயே அடக்கம்.

இதில் கேரளத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அது உங்கள் பக்கத்தில் பலருக்கு மறந்துவிட்டது. 2007இல் கேரள அரசு ராஜா ரவி வர்மா பெயரிலான விருதை ஹுசேனுக்கு அறிவித்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். விருது வழங்குவதற்குக் கேரள உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா மாடல் பெண்களை உட்காரவைத்து தெய்வங்களை வரைந்தவர். அந்த முகங்களின் அச்சுதான் இன்று பாதி வீடுகளின் பூஜை அறையில் மாட்டியிருக்கிறது. இந்த முரண் அந்த வழக்கில் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சர்ச்சை இன்னும் முற்றாக அடங்கவில்லை: 2025 ஜனவரியில் டெல்லியில் ஓர் ஓவியக் காலரியில் இருந்த அவருடைய இரண்டு சித்திரங்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அது குறிப்பிட்ட இரு படங்களைப் பொதுவில் வைத்தது பற்றிய புகார். குதிரைப் படத்தின் அச்சு ஒன்றைச் சொந்த வீட்டில் மாட்டியிருப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி பிரேம் கடைக்காரரின் கோடி. வெளிநாட்டில் இருந்த அந்த ஐந்தாண்டுகளில் ஹுசேன் சும்மா இருக்கவில்லை. அப்போதைய கத்தார் மன்னரின் மனைவி ஷேக்கா மோசா கேட்டுக்கொண்டபடி அரபு நாகரிகம் பற்றி ஒரு பெரிய வரிசையைத் தொடங்கினார். லண்டனில் எஃகுத் தொழிலதிபர் லட்சுமி மிட்டலின் மனைவி உஷா மிட்டலுக்காக இந்திய நாகரிகம் பற்றி இன்னொன்று: 32 முப்படங்கள் (மூன்று பலகை சேர்ந்து ஒரே படம்) திட்டம், முடிந்தவை 8. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அடிக்கு 6 அடி. டெல்லி, வாரணாசி, கொல்கத்தா மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தது அவற்றில் ஒன்று. 2014இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். தோஹாவின் கல்வி நகரில் அவருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. ஊரைப் பார்க்காமல், நினைவிலிருந்தே பண்டிகையும் பேருந்தும் கோவிலும் போட்டிருக்கிறார் என்பதுதான் இந்தக் கடைசிப் படங்களின் ருசி. கோட்டில் தளர்ச்சி இல்லை. இளமையில் மும்பையில் சினிமா பேனர் எழுதிய கை அது, அடிக்கணக்கில் இழுத்தாலும் நடுங்காது. ஆனால் வண்ணத்தில், 1950களில் இருந்த அந்த மண் கனம் இல்லை. இது என் தீர்ப்பு, மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு.

சந்தையின் தீர்ப்பும் அப்படித்தான் இருக்கிறது. 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.37 கோடி டாலரைத் தாண்டி விற்றது 1954இல் வரைந்த 'கிராம யாத்ரா'. கிட்டத்தட்ட 14 அடி நீளம். வரைந்த ஆண்டே நார்வே மருத்துவர் ஒருவர் வாங்கிப் போய், பல பத்தாண்டுகள் ஆஸ்லோ மருத்துவமனை ஒன்றில் மாட்டியிருந்தது. ஹுசேன், சூசா, ரஸா போன்றவர்கள் மும்பையில் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். விலை ஏறுவது அந்தக் காலத்துக்கு, அதுவும் கேன்வாஸுக்கு. நாட்டை விட்டுப் போனதால் விலை ஏறவில்லை. அச்சுப் பிரதிக்கும் கேன்வாஸுக்கும் நடுவில் இருக்கும் பள்ளமோ மிகப் பெரியது. இன்னொன்று: சித்தப்பா தோஹாவில் வாங்கினார் என்பதால் படம் தோஹாவில் உருவானது ஆகாது. ஹுசேனின் அச்சுகள் பல ஆண்டுகளாக, இந்தியாவிலும் வெளியிலும் போடப்பட்டவை. மும்பையில் அச்சானது வளைகுடாவுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கலாம். குதிரையை வைத்தும் காலம் சொல்ல முடியாது. 1952இல் சீனா போய் வந்ததிலிருந்து கடைசி வரை குதிரை போட்டுக்கொண்டே இருந்தவர் அவர். கையெழுத்தையும் தேவநாகரி, உருது, ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் போட்டார், சில சமயம் கலந்தும். எனவே எழுத்து எந்த மொழியில் என்பது தேதிக்குச் சான்று அல்ல.

இப்போது தாளுக்கு வருவோம். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகும் பத்து மடங்கு லூப் ஒன்று, டார்ச், அளவு நாடா, சுத்தமான பருத்தி வேட்டி, போன் கேமரா போதும். பிரேமைக் கழற்றும் முன் டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி தெரிந்தால் நல்லது. எங்காவது ஈரம் பட்டதுபோல் கருத்த, மினுமினுப்பான திட்டு தெரிந்தால் மை கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், அப்படியே நிறுத்திவிடுங்கள். ஒட்டிய இடத்தைப் பிரித்தால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும், பிறகு எந்த நிபுணராலும் திரும்ப வைக்க முடியாது. ஒட்டவில்லை என்றால் மேஜையில் வேட்டியை நாலாக மடித்து விரித்து, கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பின்பக்கத்தை முதலில் போட்டோ எடுங்கள். பிரேம் கடை ஸ்டிக்கர், காலரி சீட்டு, பென்சில் குறிப்பு, பழைய தொலைபேசி எண் எல்லாம் சாட்சிகள். பலர் பழைய அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். படத்தின் வரலாறு அந்த அட்டையோடு குப்பைக்குப் போகிறது. ஆணிகளைக் குறடால் நேராக வெளியே இழுங்கள், நெம்ப வேண்டாம். தாளை எங்கேயும் இழுக்காமல், ஓரத்தில் மட்டும் தொடுங்கள். கை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும்.

லூப்பைக் குதிரையின் உடலில், வண்ணம் வெளிறும் இடத்தில் வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலு நிறப் புள்ளிகள் சிறு சிறு பூ வடிவில் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் அது ஆஃப்செட், அதாவது சிவகாசி காலண்டர் அச்சாகும் அதே முறை. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பொடி தூவியதுபோல் இருந்தால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் ஒவ்வொரு நிறமும் பூசினாற்போல் தட்டையாக, விளிம்பு கத்தரித்ததுபோல் இருந்தால் செரிகிராஃப். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்யும் ஸ்கிரீன் பிரிண்டிங்கின் கலை வடிவம்தான் இது. நிறம் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரீன், ஆகவே பன்னிரண்டு நிறமென்றால் தாள் பன்னிரண்டு முறை ஸ்கிரீனுக்கு அடியில் போயிருக்கும். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று மயிரிழை அளவு ஏறியிருப்பதையும், டார்ச்சைச் சாய்த்தால் மை தாளுக்கு மேல் லேசாகத் தடித்து நிற்பதையும் காணலாம். மை தடிப்பில்லாமல், கிரேயான் தேய்த்ததுபோல் சொரசொரப்பான மணிமணியான கோடுகள் இருந்தால் லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு.

அடுத்து கையெழுத்தும் எண்ணும். அவை படத்தின் வெளியே, வெள்ளை ஓரத்தில் இருக்கின்றனவா பாருங்கள். படத்துக்குள்ளேயும் ஒரு கையெழுத்து இருக்கலாம், அது மூல ஓவியத்தோடு சேர்ந்து அச்சானது, கணக்கில் வராது. ஓரத்திலுள்ள பென்சில் கோட்டை லூப்பில் பார்த்தால் கிராஃபைட் தாளின் மேடுகளில் மட்டும் படிந்து, பள்ளங்களில் வெள்ளை விட்டிருக்கும். டார்ச்சைச் சாய்த்தால் கோடு மின்னும், அழுத்திய தடமும் தெரியும். அச்சான 'பென்சில்' கையெழுத்தில் புள்ளிகள் தெரியும், மின்னாது. ரப்பரால் ஓரத்தில் லேசாக அழித்துப் பார்க்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், செய்யாதீர்கள். 112/250 என்றால் 250 பிரதிகளில் இது 112ஆவது எண் பெற்றது என்று பொருள், அவ்வளவே. எண் போட்டிருப்பதாலேயே மதிப்பு வந்துவிடாது. ஆஃப்செட் போஸ்டருக்கும் எண் போட்டு விற்றிருக்கிறார்கள். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீரெழுத்து, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்த குறி, தெரிகிறதா, ஓரம் அறுத்தாற்போல் நேராக இல்லாமல் பிசிறாக இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் அளவு, முழுத் தாளின் அளவு இரண்டையும் மில்லிமீட்டரில் எடுங்கள்.

இவற்றை வைத்து என்ன சொல்லலாம்? படத்திலும் கையெழுத்திலும் புள்ளி என்றால் போஸ்டர். அழகுக்கு மாட்டலாம், விற்க ஒன்றுமில்லை. படத்தில் புள்ளி, கையெழுத்து உண்மையான பென்சில் என்றால், கையெழுத்திட்ட நகல். ஓரளவு மதிப்பு உண்டு, கையெழுத்து அவருடையதாக இருந்தால். எங்கும் புள்ளி இல்லை, பென்சிலும் உண்மை என்றால் செரிகிராஃபாகவோ லித்தோகிராஃபாகவோ இருக்க நல்ல வாய்ப்பு. ஆனாலும் முடிவு அல்ல. இந்திய நவீன ஓவியர்களில் அதிகம் போலி செய்யப்படுபவர்களில் ஹுசேன் ஒருவர், ஸ்கிரீன் அச்சுப் போலி செய்யக் கஷ்டமும் இல்லை. இதற்குப் பிறகு ஒப்பீடுதான் வழி. சாஃப்ரன்ஆர்ட், புண்டோல்ஸ், கிறிஸ்டீஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியல்களில் அதே குதிரை, அதே 250, அதே தாள் அளவு இருக்கிறதா என்று தேடுங்கள். அளவு ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். ஐந்து சென்டிமீட்டர் என்றால் சந்தேகப்படுங்கள். சித்தப்பாவிடம் பில், வங்கிச் சீட்டு, வாங்கிய கடையின் பெயர் எது கிடைத்தாலும் கேட்டு வாங்கி வையுங்கள். அசல் என்று சொல்லும் சான்றிதழ் தனியாகக் கிடைத்தால் அதை அவ்வளவு நம்ப வேண்டாம். படத்தைப் போலி செய்கிறவருக்குச் சான்றிதழ் பெரிய வேலையா? போட்டோ அனுப்பினால் நான் சொல்லிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். போனில் எடுத்த படத்தில் பென்சில் தடமும் மைத் தடிப்பும் வராது.

அசலோ இல்லையோ, உங்கள் ஊரில் தாளுக்கு எதிரி சட்டமும் அல்ல, போலியும் அல்ல, காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழி, தையில் அடிக்கும் கிழக்குக் காற்று தாளை முறுக்கக் காயவைக்கும். ஆனி, ஆடியில் அதே தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும். நான்கு பக்கமும் ஒட்டிய தாள் இப்படிச் சுருங்கி விரிய இடமில்லாமல் அலையலையாக நெளியும், சமயத்தில் கிழியும். எனவே மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டுகளால், கோதுமை ஸ்டார்ச் பசையில் தொங்கவிட வேண்டும். மைதாப் பசை வேண்டாம். அது மஞ்சளிக்கும், ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. செல்லோடேப், ஃபெவிகால், லாமினேஷன் மூன்றையும் பிரேம் கடைக்காரர் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள், முக்கியமாக லாமினேஷனை. அதைச் செய்தால் அசலும் போஸ்டர் விலைதான். பின்னால் ஹார்ட்போர்டு, பிளைவுட் நேரடியாகத் தாளைத் தொட்டால் அமிலம் ஏறிப் பழுப்பாகும். நடுவில் அமிலமற்ற அட்டை வேண்டும். முன்னால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) போட்டுக் கண்ணாடியிலிருந்து தள்ளி வையுங்கள். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். எண்ணும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கின்றன.

மழை சாத்தும் மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம். எந்தச் சுவரானாலும் பிரேமின் கீழ் இரண்டு மூலையிலும் ஒரு சென்டிமீட்டர் தக்கை ஒட்டி, பின்னால் காற்று போக விடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது, பூஜை விளக்குப் புகையும் கூடாது. பூசணம் தெரிந்தால் துடைக்காதீர்கள், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். துடைத்தால் வித்து தாளுக்குள் தேயும், வெயில் நிறத்தை வெளுக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரேமைத் திறந்து, மின்விசிறி நேராகப் படாத உலர்ந்த அறையில் தட்டையாக வைத்து, கைதேர்ந்தவரைக் கூப்பிடுங்கள். பெங்களூருவில், கலை, பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்புக் கூடம் தனியார் படங்களையும் எடுத்துச் செய்கிறது. மருந்து தெளிப்பதெல்லாம் அவர்கள் வேலை.

விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டு சட்ட விவரம் போதும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டத்தின் கீழ் ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில் முதலிய ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஹுசேன் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே வெளிநாட்டில் இருப்பவரும் உங்களிடம் வாங்கலாம். உங்களுக்குச் சொந்தம் தாள்தான், உருவம் அல்ல; உருவத்தின் பதிப்புரிமை இந்தியச் சட்டப்படி அவர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டு, அதாவது 2071 முடியும் வரை இருக்கிறது. படத்தைக் காலண்டராகவோ டீ-ஷர்ட்டாகவோ போட்டு விற்க முடியாது. கோவைக்கோ கொச்சிக்கோ காட்ட எடுத்துப் போவதென்றால் ஆனி பிறக்கும் முன் போய்விடுங்கள். தாளை ஒருபோதும் சுருட்டாமல், பிரேமோடேயே, நிமிர்ந்த வாக்கில், கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள். வழியில் கண்ணாடி உடைந்தாலும் சில்லு தாளைக் கீறாது. போய்ச் சேர்ந்த அன்றே டேப்பை எடுத்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை கண்ணாடியை விட்டு வராது.